கிட்டங்கி வாசல் ஆட்டம்

"அது என்ன ஆட்டம் தங்கச்சி?"

சாரத்தின் மேல்கட்டையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு திருப்பதி அண்ணன் கேட்டார். மதுரையில் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதுகிறவர். எங்கள் தெருச் சுவரில் படம் எழுத வந்திருந்தார். காதில் பென்சில், விரலெல்லாம் நீலம். நான் அப்போதுதான் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் வாசலைத் தாண்டி வெளியே வந்து, அவிழ்ந்த முடியைத் திரும்பக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

தெரியாத ஆம்பளைகளிடம் நான் பேசுகிறவள் இல்லை. தெரிந்தவர்களிடமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி, பெற்ற அய்யாவே என்னைக் கிட்டங்கிக்கு அனுப்பியபோது, வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதி வைப்பேன். அவ்வளவுதான் என் வீரம். ஆனால் அன்றைக்கு உடம்பெல்லாம் எரிச்சல். வாய் தானாகத் திறந்தது.

"எங்க ஊரு ஆட்டம்ணே. தெனமும் சாயங்காலம் ஆடுவோம்."

"ரொம்ப நல்லாருக்கே! எல்லாரும் ஒண்ணுபோல கையத் தூக்கி, ஒரு சுத்துச் சுத்தி... இதுக்குப் பேரு என்ன?"

"பேரெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அது ஆட்டம் இல்லை. ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை முடிந்து வெளியே வரும்போது நாங்கள் செய்ய வேண்டிய சோதனை. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக ஜீப்பில் இறங்கும் காயை, தரையில் வட்டமாக உட்கார்ந்து சுளகில் கொட்டி, காம்பு கிள்ளி, வெடித்ததைத் தனியாக, வெளுத்ததைத் தனியாக, பச்சையைத் தனியாகப் பிரிப்போம். அதுதான் எங்கள் சோலி. சாயங்காலம் வாசலில் காவல்காரர் சுருளி அண்ணன் கம்போடு நின்று ஒவ்வொன்றாக அதட்டிச் சொல்வார். ஒவ்வொருத்தியாக அவர் முன்னால் போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முந்தியை விரித்து உதற வேண்டும். கொசுவத்தை உதற வேண்டும். எப்போதோ ஒருத்தி கொண்டைக்குள் காயை வைத்துக்கொண்டு போனாளாம். அதனால் கொண்டையையும் அவிழ்த்து உதற வேண்டும். வாசல் தெருவைப் பார்த்த வாசல். எதிரே டீக்கடை. டீ குடிக்கிற ஆம்பளைகள் எல்லாருக்கும் அது தினப்படிக் காட்சி.

நான் அந்த வாசலைக் கடக்கும்போது ஒருநாளும் தலை நிமிர்ந்ததில்லை. கை மேலே இருக்கும், கண் தரையில் இருக்கும்.

சுவரில் படம் எழுதுகிற யோசனை மேற்குமலைச் சேவைச் சங்கத்துடையது. போடியில் பெரிய வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கம். கண் சிகிச்சை முகாம் போடுவார்கள், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பார்கள், சட்டைப் பையில் பித்தளை வில்லை குத்திக்கொண்டு மாதம் ஒருமுறை லாட்ஜ் மாடியில் கூடிச் சாப்பிடுவார்கள். பஸ்சு நிற்கிற இடம் மாறிப் போனதிலிருந்து எங்கள் கிட்டங்கித் தெரு செத்துக் கிடந்தது. பாதிக் கடை பூட்டு. துணிக்கடை இருந்த இடத்தில் ஆடு படுத்திருக்கும். போடிமெட்டு வழியாக மலையிலிருந்து இறங்குகிறவர்கள் இந்தத் தெருவை எட்டிப் பார்ப்பதே இல்லை. சுவரெல்லாம் படம் எழுதினால் ஜனம் பார்க்க வரும், ஜனம் வந்தால் கடை திறக்கும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். சங்கத்தின் தலைவர் ராஜாராம் முதலாளி. எங்கள் கிட்டங்கியின் முதலாளியும் அவர்தான். முதல் படம் தன் சுவரில்தான் என்று சொல்லிவிட்டார். படத்துக்குத் தலைப்பு 'ஏலமலைப் பெண்கள்'.

திருப்பதி அண்ணன் முதலில் எழுதியது வேறு படம். ஒரு பெண், கழுத்து நிறைய நகை, உதட்டுச் சாயம், இடுப்பில் பூக்கூடை மாதிரி ஒரு கூடை. மத்தியானம் சோத்துக்கு வெளியே வந்த பாண்டியம்மாள் அக்கா அண்ணாந்து பார்த்தாள். கிட்டங்கியில் எல்லாருக்கும் மூத்தவள், முன்பல் ஒன்று பாதி உடைந்தவள், பேசப் பயப்படாதவள்.

"ஏப்பா படக்காரரே, இவ காய் எடுக்கப் போறாளா, மாப்ள வீட்டுக்குப் போறாளா?"

"ஏங்கக்கா?"

"ஏலச்செடி அடித்தூர்லதான காய்க்கும்? இம்புட்டு நகையப் போட்டுக்கிட்டு எப்பிடிக் குனிவா? மொதல்ல அட்ட ஏறிரும் அவ காலுல."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திருப்பதி அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கே அந்தப் பெண்ணை அழித்துவிட்டார். "நான் உங்களப் பாத்தே எழுதுறேன்" என்று சொல்லி, சாயங்காலங்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். அங்கிருந்து பார்த்தால் கிட்டங்கி வாசல் நேரே தெரியும். மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரம். அந்த வெளிச்சத்தில் வரிசையாகப் பெண்கள் கையைத் தூக்கிச் சுற்றுகிறார்கள், முந்தி பறக்கிறது, முடி அவிழ்ந்து விழுகிறது. மதுரைக்காரருக்கு அது ஆட்டமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம். பிறகுதான் என்னிடம் கேட்டார். நானும் சொன்னேன்.

படம் முடிந்து சாரத்தை மூடியிருந்த சாக்குகளைப் பிரித்த அன்று நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றோம். ஏழு பெண்கள். தலைக்கு மேலே கைகள். பறக்கிற முந்திகள். பின்னால் பச்சை மலை. முகமெல்லாம் எங்கள் முகம். பாண்டியம்மாள் அக்காவின் உடைந்த பல்லைக்கூட விடவில்லை. சோலையம்மாளின் கன்னத்து மச்சம் இருந்தது. வரிசையில் முதலாவதாக நான். நாடியைத் தூக்கி, பார்க்கிறவர் கண்ணை நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பார்வை எனக்கு இருப்பதாக எனக்கே தெரியாது.

"பாவிப்பய, நம்ம மானத்த சுவத்துல எழுதிட்டானேடி!" என்றாள் பாண்டியம்மாள் அக்கா.

நான் மெதுவாகச் சொன்னேன். "நாந்தான்க்கா சொன்னேன். ஆட்டம்னு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? முத்துப்பேச்சி, நீயாடி? வாயில ஈ போனாக்கூட துப்ப மாட்டியே!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரிடி. ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. இது எம்புட்டுத் தூரம் போகுதுன்னு பாப்போம்."

ராஜாராம் முதலாளி காரில் வந்து இறங்கிப் படத்தைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம்! என்ன ஒரு களை! நம்ம மண்ணோட கலையில்ல இது!" என்றார். சுருளி அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாசல் சோதனை முதலாளி போட்ட சட்டம்தான். ஆனால் சாயங்காலம் அவர் அங்கே இருப்பதில்லை. நாங்கள் கையைத் தூக்குகிற நேரத்தில் அவர் காபி குடித்துவிட்டுச் சங்கத்துக்குக் கிளம்பியிருப்பார். தான் போட்ட சட்டத்தை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. இரண்டு நாள் கழித்துச் சங்கத்தின் செயலாளர், மருந்துக்கடை மலைச்சாமி, கிட்டங்கிக்குள் வந்தார். 

"அடுத்த ஞாயித்துக்கெழம தெறப்பு விழா. தேனியிலருந்து பெரிய அதிகாரி வர்றாரு. படத்துல இருக்க ஆட்டத்த நீங்களே மேடையில ஆடிக் காட்டணும். தலைவரு ஆசப்படுறாரு. ஆளுக்கொரு சேல எடுத்துத் தர்றோம்."

சுளகுகள் நின்றன. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மலைச்சாமி போனதும் சுருளி அண்ணன் உள்ளே ஓடி வந்தார். "ஆத்தா, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். மாட்டேன்னு சொல்லிருங்க. மேடையில போயி இத ஆடுனா நாளைக்கு ஒருத்திக்கும் சோலி இருக்காது. எனக்கும் இருக்காது."

"அப்ப நீங்களே போயி முதலாளிகிட்ட உள்ளதச் சொல்லுங்கண்ணே" என்றாள் சோலையம்மாள்.

"நானா? என்னன்னு சொல்ல? அய்யா, அது கலையில்ல, நீங்க போட்ட சட்டம்னா?" சுருளி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னயக் கொன்னுபுடுவாரு."

"எங்களுக்கு மட்டும் உசுரு அஞ்சாறு இருக்கா?"

சோலையம்மாளுக்குப் பயம் இருந்தது. அவள் புருஷன் மலையில் தோட்ட வேலையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். இந்தக் கூலிதான் கஞ்சி. "ஏதாச்சும் கும்மியக் கொட்டிட்டு வந்துருவோமேக்கா" என்றாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாண்டியம்மாள் அக்காவே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். 

எனக்கு அந்தச் சுவர் கண்ணுக்குள் நின்றது. மேடையில் பொய்க் கும்மி ஆடிவிட்டால் சுவரில் இருப்பதும் பொய்யாகிவிடும். ஊர் முழுக்க அதைக் கும்மி என்று சொல்லிக்கொண்டு படம் பிடிக்கும். நாங்கள் அதன் கீழே தினமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். நான் தலையைக் குனிந்துகொண்டே நிற்பேன். இன்னும் எத்தனை வருஷம்?

"படத்துல இருக்கதத்தான ஆடச் சொன்னாக. அதையே ஆடுவோம்" என்றேன். "மொத ஆளா நான் நிக்கிறேன். படத்துலயும் அப்பிடித்தான இருக்கு."

சோலையம்மாள் சுளகை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். சீரியல் லைட்டு, ரேடியோ செட்டு, கிட்டங்கி வாசலை ஒட்டி மேடை. பூட்டிக் கிடந்த கடைகளின் படிக்கட்டில் ராசிங்காபுரத்திலிருந்து வந்த சனமும் மலையிலிருந்து இறங்கிய தோட்டத்து ஆட்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் சங்கத்தாரின் வீட்டுப் பெண்கள். மேடையில் அதிகாரிக்கும் முதலாளிக்கும் மலைச்சாமிக்கும் ஏலக்காய் மாலை போட்டார்கள். பச்சை மாறாத பெரிய காய்களாகப் பொறுக்கிக் கோத்த மாலை. பொறுக்கியதும் கோத்ததும் நாங்கள்தான். அந்த வாரம் முழுக்க அதுதான் எங்கள் வேலை. தெரு முழுக்க அந்த வாசனை.

"அடுத்ததாக, ஏலமலைப் பெண்கள் நடனம்!" என்றார் மலைச்சாமி மைக்கில்.

நாங்கள் ஏறினோம். புதுச்சேலை மொடமொடவென்றிருந்தது. கடைசி ஆளாகச் சோலையம்மாளும் ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் வந்தாள்.

"பாட்டு யாருமா பாடுறது?" என்று கேட்டார் மலைச்சாமி.

சுருளி அண்ணனைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு லைட் கம்பத்துக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார். வாசலில் அதட்டுகிற அந்தப் பாட்டு அவருடையது. அவர் வரமாட்டார். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஞாபகம் வந்தது. பிடித்துக்கொள்ள இங்கே பெஞ்சு இல்லை, மைக்குத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"கையத் தூக்கு" என்றேன்.

என் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. ஆறு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"சுத்து."

சுற்றினார்கள். முன்வரிசையில் கைதட்டினார்கள்.

"முந்திய ஒதறு. கொசுவத்த ஒதறு. நல்லா ஒதறு."

கைதட்டல் தாளத்தோடு வந்தது. ஆனால் பின்னால், படிக்கட்டில் இருந்த தோட்டத்து ஆட்களிடமிருந்து சத்தம் நின்றுவிட்டது. இந்தப் பாட்டு அவர்களுக்குத் தெரியும், காய் மூட்டை இறக்க வரும்போது கேட்டதுதான். டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டார்.

"கொண்டைய அவுரு. அவுருடி. உள்ள என்ன வச்சிருக்க?"

பாண்டியம்மாள் அக்கா கொண்டையை அவிழ்த்து, குனிந்து, நரைத்த முடியை மேடைப் பலகையில் படும்படி உதறினாள். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. முதலாளியின் சம்சாரம் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பக்கத்திலிருந்த கிட்டங்கி வாசலைப் பார்த்தார். பிறகு மேடையில் இருந்த புருஷனைப் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து, "ஏய், இது கிட்டங்கி வாசச் சோதனைடா!" என்று கத்தினார்கள்.

"போ. அடுத்தவ வா" என்று பாட்டை முடித்தேன். பிறகு நான் நினைத்து வைக்காத ஒன்றும் வாயில் வந்தது. "நாங்க ஒதறியாச்சு. ஒரு காய்கூட விழுகல. காயெல்லாம் மேடையில இருக்கவுக கழுத்துலதான் கெடக்கு."

தெரு வெடித்துச் சிரித்தது. அதிகாரி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலாளிக்குக் கழற்றவும் கை வரவில்லை. மலைச்சாமி ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி நன்றியுரை சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

கீழே இறங்கியதும் திருப்பதி அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"ஆட்டம்னு சொன்னியே தங்கச்சி."

"ஆட வச்சாக, ஆடுனோம். பொய் இல்லண்ணே."

அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "இது தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு தலையை ஆட்டி, "இல்ல. இன்னும் பெருசா எழுதியிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாளி வந்தது. சுவரை வெள்ளையடிக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. அதற்குள் தெருவில் கூட்டம். போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்புகள் வழிமாறி எங்கள் தெருவுக்குள் வந்து நின்றன. உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து வந்த மலையாளத்துக்காரர் ஒருவர் பிள்ளையைத் தோளில் தூக்கிச் சுவரைக் காட்டினார். டீக்கடையில் பால் தீர்ந்துபோய் ஆள் ஓடினான். பூட்டிக் கிடந்த துணிக்கடையைத் திறந்து யாரோ தூசி தட்டினார்கள். சங்கம் ஆசைப்பட்டது இதைத்தானே.

வாளியோடு வந்த ஆளை டீக்கடைக்காரர் மறித்துவிட்டார். "எவனாச்சும் சுவத்துல கைய வச்சீக, நடக்கிறதே வேற. பத்து வருசத்துக்கு அப்பறம் இன்னைக்குத்தான்யா இந்தத் தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கு." மலைச்சாமி இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பார்த்தார். பெண்களின் கையில் ஆளுக்கொரு கூடையை எழுதிவிட்டால் என்ன என்று திருப்பதி அண்ணனிடம் கேட்டார். "கீழ என் பேரப் போட்டுட்டேன் சார். பேரு போட்டதுக்கப்புறம் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அவர்.

வாளி அங்கேயே இருந்தது. நாங்கள் வழக்கம்போல உள்ளே போய் உட்கார்ந்தோம். யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. லோடு வந்து காத்துக் கிடந்தது, காயைப் பிரிக்க வேறு ஆளும் இல்லை. சோலையம்மாள் பச்சையில் வெளுத்ததைப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பொறுக்கினாள். 

"சாயங்காலம் என்னடி ஆகும்?" என்றாள்.

"கையத் தூக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது முடிவு என்று எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் வாசலில் சுருளி அண்ணன் கம்போடு நின்றார். அவருக்குப் பக்கத்தில், முதல்முறையாக, ராஜாராம் முதலாளி. வேட்டி மடிப்புக் கலையாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எதிரே தெரு முழுக்க ஜனம். டீக்கடை பெஞ்சின் மேலே ஏறி நின்றவர்கள்கூட உண்டு. ஒருமுறை சுவரைப் பார்க்கிறார்கள், ஒருமுறை வாசலைப் பார்க்கிறார்கள்.

முதலில் நான் போய் நின்றேன். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின.

சுருளி அண்ணன் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஆத்தா முத்துப்பேச்சி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனார்.

பின்னால் பாண்டியம்மாள் அக்காவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. "நெஞ்ச நிமித்துடி" என்று கிசுகிசுத்தாள்.

நான் நாடியைத் தூக்கினேன். முதலாளியின் கண்ணை நேரே பார்த்தேன். கிட்டங்கியில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் கண் என்ன நிறம் என்றே எனக்குத் தெரியாது. வெளிறிய பழுப்பு. வெடித்த காயின் உள்தோல் மாதிரி.

"அந்த அண்ணே சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்களே சொல்லுங்க முதலாளி" என்றேன். "என்ன செய்யணும்னு சொல்லுங்க."

ஜீப்புக்காரர் ஒருவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அவர் வாய் திறந்தது. ஒரே சொல்தான் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் இன்னொருவர் வாயால் அவர் சொல்லி வந்த சொல். கூட்டத்தில் அவருடைய சங்கத்து ஆட்கள் நின்றார்கள். நாலு தப்படியில் அவர் ரசித்துப் பாராட்டிய சுவர் இருந்தது. அங்கே ஏழு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் ஏழு பேர்.

வாய் மூடிக்கொண்டது.

அவர் வாசலை விட்டு இறங்கினார். கூட்டத்துக்குள் கார் வர முடியவில்லை. டிரைவர் தூரத்திலிருந்து ஹார்ன் அடித்தது கேட்டது. ஜனம் விலகி வழிவிட, சுண்ணாம்பு வாளியைத் தாண்டி, திறந்திருந்த துணிக்கடையைத் தாண்டி, முதலாளி தெருவின் கடைசி வரை நடந்தே போனார்.